கீழே கையெழுத்து யாருடையது?

எந்தப் பெரிய விஷயத்தைக் குறித்தும் இருவகை அபிப்பிராயங்கள் உலவுகின்றன: பண்டிதர்கள் மேடையேறிச் சொல்ல, மறுநாள் பத்திரிகைகளில் அச்சேறுவது ஒன்று, பஸ் நிலையத்திலும், கல்யாணப் பந்தியிலும், மருந்துக்கடை வாசலிலும் பேசப்பட்டு அங்கேயே காற்றோடு போய்விடுவது மற்றொன்று. 2022 நவம்பர் மாதக் கடைசியில் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் யந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்த நாள்முதல், செயற்கை நுண்ணறிவைப் பற்றி முதல்வகை அபிப்பிராயங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. இரண்டாம் வகையைத் திரட்டுவாரைத்தான் காணோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நாலு பேர் பேசும் இடத்தில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லாதவனாகையால், அக்குறையைச் சற்றே நிவர்த்தி செய்யலாம் என்னும் ஆசையால் இதனை எழுதத் துணிகிறேன்.

பண்டிதர்களின் பயம் மிகப் பெரியது. இந்த வித்தையின் பிதாக்களில் ஒருவரென்று போற்றப்படும் ஜெஃப்ரி ஹின்டன், 2023-இல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகி, தாம் வளர்த்துவிட்ட பிள்ளை மனித குலத்தையே மிஞ்சி அடக்கியாளவும் கூடும் என்று எச்சரித்தார். மறு ஆண்டில் ஜான் ஹாப்ஃபீல்டுடன் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசும் கிடைத்ததால், எச்சரிக்கைக்குக் கௌரவம் கூடிற்று. இந்தச் சமாசாரம் எங்கள் தெருச் சலூனில் பிரஸ்தாபிக்கப்பட்டபோது அங்கே காத்திருந்தவர்கள் யாரும் கலவரப்பட்டதாகத் தெரியவில்லை. "அதெல்லாம் எந்திரன் படத்திலேயே பார்த்தாச்சே" என்றார் ஒருவர். 2010-இல் வந்த அந்தப் படத்தில் சிட்டி என்னும் ரோபோ செய்யாத அட்டகாசம் இல்லை. அதற்கும் ஒரு தலைமுறை முந்தியே சுஜாதாவின் யந்திர நாயான ஜீனோ, தன்னைச் சுற்றியிருந்த மனிதர்களைவிட விவேகமாகப் பேசிவிட்டது. உலக அழிவை டிக்கெட் வாங்கி இடைவேளையோடு பார்த்து முடித்துவிட்ட தமிழ்ச் சாமானியருக்கு அதில் புதுமை இல்லை. ஹின்டனின் அச்சம் நகைக்கத்தக்கது என்று நான் சொல்ல வரவில்லை; இவர்களுடைய விசாரம் வேறு திசையில் இருக்கிறது என்பதே நான் கண்டது.

எங்கள் அடுத்த வீட்டு அம்மாள், மகனைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சாட்ஜிபிடி யந்திரத்தினிடம் கட்டண விவரம் கேட்டு, அது இரண்டு தசமஸ்தானம் வரை திருத்தமாகச் சொன்ன தொகை கல்லூரி அலுவலகத்தில் கொஞ்சமும் பொருந்தாமல் போனதைக் கண்டவர். "வெளியூரில் வழி கேட்டால், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவாரே ஒருத்தர், அந்த ரகம் இது" என்பது அவருடைய தீர்ப்பு. தமிழாசிரியராக இருந்த என் சிநேகிதருடைய மனத்தாங்கலும் இதைச் சேர்ந்ததே. ஏதேனும் ஒரு பொருளைக் குறிப்பிட்டுக் குறள் கேட்டால், தளை தட்டினாலும் ஓசை ஒருவாறு குறள்போலவே ஒலிக்கும் இரண்டு வரிகளை அது தானே கட்டி, அதிகார எண்ணும் போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். வள்ளுவர் 1330-உடன் நிறுத்தினார். இது 1331-ஆவதையும் அதற்கு மேலும் அருளச் சித்தமாக இருக்கிறது என்று சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லாமல் இல்லை.

இந்தக் குற்றத்தின் மூலம் அந்த யந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது. அளவற்ற எழுத்துக் குவியலைப் படித்து, இன்ன சொல்லுக்குப் பின் இன்ன சொல் வரத்தகும் என்று கணிக்கப் பழகிய அதற்கு, மெய்யான வாக்கியமும் மெய்போன்ற வாக்கியமும் ஒரே விதமாகவே உருவாகின்றன. அதைச் செய்த ஓப்பன்ஏஐ ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்களே 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இவ்வகை யந்திரங்களுக்கு வைக்கப்படும் பரீட்சைகளில் 'தெரியாது' என்ற விடைக்கு மதிப்பெண் கிடையாது, குருட்டாம்போக்கில் ஊகித்தாலோ சில சமயம் கிடைத்துவிடும், ஆகையால் அவை ஊகிக்கப் பழகிவிட்டன என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். அடுத்த வீட்டு அம்மாள் அதற்கு வெகு முன்பே இதைச் சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு அற்பப் பெருமை உண்டு.

நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல திருஷ்டாந்தம். விமானக் கம்பெனி ஒன்றின்மேல் நஷ்டஈடு கோரிய அவ்வழக்கில் தாக்கல் செய்த மனுவில் வக்கீல்கள் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளில் பல, எந்த நியாயஸ்தலத்திலும் வழங்கப்படாதவை. யந்திரம் கற்பித்துக் கொடுத்தவை. இதில் ரசமான அம்சம், சந்தேகம் தட்டிய வக்கீல் அந்த யந்திரத்தையே கூப்பிட்டு, "இவை மெய்யான வழக்குகள்தாமா?" என்று வினவ, அதுவும் "ஆம்" என்று சாதித்ததுதான். தேடியவர் ஒருவர், மனுவில் கையெழுத்திட்டவர் மற்றொருவர். 2023 ஜூனில் நீதிபதி காஸ்டெல் இருவருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் சேர்த்து 5000 டாலர் அபராதம் விதித்தார். யந்திரத்தைத் துணைக்கு அழைப்பதில் தோஷமில்லை, ஆனால் தாக்கல் செய்வதற்கு வக்கீலே பொறுப்பாளி என்பது அவர் கண்ட நியாயம்.

இந்த வித்தையைக் கொண்டு நடக்கும் மோசடி விஷயத்தில் ஜனங்களுக்கு உள்ள பயம் கற்பனையன்று. 2023-இல் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, பழைய சகா ஒருவரின் முகமும் குரலும் தாங்கி ஒரு வீடியோ அழைப்பு வந்து, உறவினரின் சிகிச்சைக்கென்று 40,000 ரூபாயைக் கறந்துகொண்டது. மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் பிறந்து, அவர் உண்மையான நண்பரை அழைத்துப் பேச, குட்டு வெளிப்பட்டது. முகத்தைப் பார்த்தும் நம்பக்கூடாத காலத்தில் எதைத்தான் நம்புவது என்று, சென்னையில் பேரனை வைத்திருக்கும் ஒரு கிழவியிடம் கேட்டேன். "பணம் கேட்டா அது வேற யாரோ, சாப்பிட்டியா ஆச்சின்னு கேட்டாத்தான் எம்பேரன்" என்றாள். வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளில் இத்தனை தெளிவை நான் கண்டதில்லை.

இதைவிட ஆழமான வேறொரு கசப்பும் உண்டு. நியாயவிலைக் கடையில் விரல் தேய்ந்துபோன முதியவர்களிடம் 'கைரேகை விழவில்லை' என்று சொல்லும் அந்தச் சிறு பெட்டியைச் சாமானியர்கள் செயற்கை நுண்ணறிவோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். பண்டிதர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்; இரண்டும் வேறு வேறு வித்தை என்பது வாஸ்தவமே. ஆனாலும் காரணம் சொல்லாமல் 'இல்லை' என்று மறுக்கும் யந்திரங்களையெல்லாம் ஒரே வம்சமாகக் கருதும் அந்தப் பாகுபாட்டில் எனக்கு நியாயம் தென்படுகிறது. நெதர்லாந்து தேசத்தில், குழந்தைப் பராமரிப்புக்கான உதவித்தொகை பெறுவோரில் யார் ஏமாற்றக்கூடும் என்று மதிப்பிட வரி இலாகா ஒரு கணிப்புமுறையை ஏவியது. டச்சுக் குடியுரிமை இல்லாமையையும் அது அபாயக் குறியாக எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் செய்யாத மோசடிக்காகப் பெருந்தொகைகளைத் திருப்பிக் கட்டும்படி பணிக்கப்பட்டுக் கடனில் மூழ்கின. ஏன் தன் பெயர் வந்தது என்று கேட்டவர்களுக்குச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கே காரணம் தெரியாது. 2021 ஜனவரியில் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. அந்த யந்திரத்தை ஒருநாளும் தொட்டறியாதவர்களே அதனால் நொந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாமானியரோடு நான் மாறுபடும் இடமும் ஒன்று உண்டு. பொய்வழி காட்டுகிறது என்று பகலில் ஏசுகிறவர்களே, இரவில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்து அதனிடம் காட்டி, டாக்டரிடம் சொல்லாததையும் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பலவீனம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலிசா என்னும் சிறு நிரல், நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதைத் தவிர வேறொன்றும் அறியாதது. அது உருவாவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்துவந்த அவருடைய காரியதரிசியே, அதனோடு சில வார்த்தைகள் பேசியதும், தனியே பேசவேண்டும், சற்று வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். அதன் பிறகு வைசன்பாம் தம் ஆயுளில் பெரும்பகுதியைத் தம் சிருஷ்டியின்மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கையைக் கண்டிப்பதிலேயே செலவிட்டார்.

நான் கேட்ட அபிப்பிராயங்களுள் என் மனத்தை விட்டகலாதது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருக்கும் ஆவண எழுத்தர் ஒருவருடையது. கிரயப் பத்திரங்களில் நரைத்தவர் அவர். இப்போது அவர் மேஜைமேல் அலைபேசி இருக்கிறது. அதில் சொல்லச் சொல்ல, முதல் பிரதியை யந்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. "என்னைவிட நல்லாவே எழுதுது சார், தமிழும் சுத்தமா இருக்கு" என்று ஒப்புக்கொண்டவர், பழைய பத்திரமொன்றின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். எழுதிக்கொடுப்பவர், எழுதிப் பெறுபவர், சாட்சிகள் இருவர் ஆகியோர் கையெழுத்துக்களுக்கெல்லாம் கீழே, தயார் செய்தவர் என்று அவர் பெயரும் உரிம எண்ணும் இருந்தன. "சர்வே எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால், நான்கெல்லையில் கிழக்கு மேற்காப் போனால், பார்ட்டி நேரே என் மேஜைக்கு வருவான், பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக் கொடுத்தாகணும். இது எழுதினதுக்கு இந்த இடத்தில் யார் போடுறது?"

அவர் கேட்ட கேள்வியைக் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் விசாரித்தே முடிவு செய்திருக்கிறது. பாட்டி இறந்த துக்கத்துக்குப் பிரயாணம் செய்த ஒருவரிடம், ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணையதளத்திலிருந்த உரையாடி, துக்கச் சலுகையைப் பிரயாணத்துக்குப் பின்னும் கோரலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனியோ, அந்த உரையாடி தன் செய்கைகளுக்குத் தானே பொறுப்பான தனி வியக்தி என்ற பொருள்பட வாதாடியது! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, 650 டாலர் சொச்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது.

இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டு ஆவண எழுத்தர் பெரிதும் சந்தோஷப்பட்டார். அவர் யந்திரத்தின் பிரதியை அப்படியே விடுவதில்லை. மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வாங்குபவரும் விற்பவரும் கேட்க உரக்கப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார். எழுதும் சிரமம் போய்விட்டபடியால் கூலியைக் குறைத்திருக்கிறாரா என்று விசாரித்தேன். குறைக்கவில்லையாம், யந்திரத்துக்கு மாதச் சந்தா கட்டவேண்டியிருப்பதால் ஐம்பது ரூபாய் கூட்டியிருக்கிறாராம்.