கழுவித் தொலைத்த கடல்

அரியலூர்ச் சிப்பிகளை என்னைப் போல் அழகாகச் சேர்த்து வைத்தவர் இல்லை என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அது எனக்குத் தகாத பெயர். நிலவியல் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் கல்லூரி அலமாரியில் அவை மின்னின. மின்ன வைத்தது கம்பித் தூரிகையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும்தான். மின்னாது என்று தோன்றியவற்றைச் சுரங்கத்திலேயே வீசிவிட்டு வந்தேன்.

கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இன்று சிமென்ட் ஆலைக்குப் போகிறது. கிரிட்டேசியக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், அது ஆழமில்லாத கடலின் தரை. கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இலேயே தென்னிந்தியத் தொல்லுயிர்களைப் பற்றி எழுதியதையும், பின்னால் ஸ்டொலிச்கா பெரும் தொகுதிகளாக விவரித்ததையும் வகுப்பில் நீட்டி முழக்குவேன். ஓட்டின்மேல் ஒட்டியிருந்ததைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டேன்.

கடலைப் பற்றிய சேதி இருந்ததே அங்கேதான். ஓட்டின் வெளிப்புறத்தில் குழாய்ப் புழு வீடு கட்டியிருந்தால் சிப்பி உயிரோடு இருந்தபோதே குடியேறியிருக்கலாம். உட்புறத்தில் கட்டியிருந்தால் சந்தேகமே இல்லை: சிப்பி செத்து, மூடி திறந்து, சதை அழுகிப் போன பிறகும் ஓடு மண் மூடாமல் வெளியே கிடந்திருக்கிறது. அதாவது அந்த இடத்தில் வண்டல் மெதுவாகப் படிந்திருக்கிறது. சல்லடைக் கண்போல் பொடித் துளைகள், உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த அறைகள் என்றால், கடற்பஞ்சு குடைந்த வேலை. வடிகட்டித் தின்னும் உயிர் அது. அந்த நீரில் மிதக்கும் உணவு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசித் துளைகள் இன்னும் அருமையானவை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அந்தத் தரைவரை வெயில் எட்டியிருக்கிறது. இதில் பாதியைத் தூரிகை சுரண்டிவிடும், மீதியை அமிலம் கரைத்துவிடும். துளை, ஓடு, புழுக்குழாய் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் விவகாரம். அமிலத்துக்கு வேற்றுமை தெரியாது.

தெரியாமல் செய்தேன் என்றால் பொய். இவற்றை விளக்கும் புத்தகம் என் மேசையிலேயே இருந்தது, தேர்வுக்கு அதிலிருந்து கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆய்வுக் குழு வரும் நாளில் பொத்தல் விழுந்த சிப்பியைக் காட்ட மனம் ஒப்பவில்லை. ஒரு மாணவன் புழுக்குழாய் அப்பிய ஓடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியபோது, "இது பழுதுப்பா, நல்லதா எடுத்துட்டு வா" என்றேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பின்னால் ஒரு மாணவி தன் ஆய்வேட்டுக்காக அந்த அலமாரியின் ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். துளையுள்ளவை மிகக் குறைவு என்று கண்டு, சிப்பிகள் செத்த கையோடு வண்டல் மூடிவிட்டது என்று முடிவு எழுதினார். அந்தக் கணக்கில் பிசகே இல்லை, பொறுக்கியவன்தான் பிசகு. அவர் எண்ணியது கடலை அல்ல, என் ரசனையை. வழிகாட்டியாகக் கையெழுத்துப் போடும்போது எனக்கு இது தெரியும். சொன்னால் அலமாரியின் மானம் போகும் என்று போட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வீசினது எந்த அடுக்கு சார்?" என்று கேட்டார். அதையும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. என் சீட்டுகளில் 'அரியலூர்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். இப்போது துறையில் கேட்டு அலமாரிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: இவை பொறுக்கி எடுத்துக் கழுவப்பட்டவை, எண்ணிக்கைக்கு உதவாது.