குளுவாங் முதல் கண்ணாடிக் கோயில் வரை: நின்று நின்று போன காடி

"ஓடுகிற காடியை நம்பலாம். ஓடாத காடியையும் நம்பலாம். நினைத்தபோது ஓடி நினைத்தபோது நிற்கிற காடியை மட்டும் நம்பாதே" என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். தோட்டத்து லோரியில் 30 ஆண்டுகள் பால் ஏற்றிச் சென்றவர் அவர். அப்படிப்பட்டவர் எங்களுக்கு விட்டுச் சென்ற ஒரே சொத்து, அவர் சொன்ன அந்த மூன்றாவது வகைக் காடியாக மாறும் என்று யார் கண்டது!

அது 1970களில் வந்த ஜப்பான் காடி. அப்பா பழையதாக வாங்கி, சொந்தப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டது. அவர் காலமான பிறகு என் கைக்கு வந்தது. சில மாதங்களாக அதற்கு ஒரு விநோத நோய். வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் என்ஜின் பட்டென்று செத்துவிடும். எல்லா நேரத்திலும் அல்ல. பத்துத் தடவையில் ஒரு தடவை. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும்.

பட்டறை ஒன்றில் காட்டினேன். அங்கே போனபோது காடி ஒழுங்காக ஓடியது! "கார்பரேட்டரையே மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை எங்கள் வீட்டின் ஒரு மாதச் சேமிப்புக்கு மேல். தம்பியோ, "பழைய இரும்புக்குப் போட்டுவிடு அண்ணே" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை, அப்பா உட்கார்ந்த இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தது. "கண்ணு நல்லா தெரியுது ஐயா. ஜொகூர் பாருல இருக்கிற கண்ணாடிக் கோயிலை ஒரு தடவை பார்த்துடணும். பெரிய ரோட்டுல வேணாம், பழைய ரோட்டுலயே போவோம். நாங்க பொறந்து வளர்ந்த பக்கமெல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம்" என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான், மனைவி, அம்மா, ஆறாம் ஆண்டு படிக்கும் மகள். ஆயிர் ஈத்தாமில் அத்தையையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

வௌவால் ஊரிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஊருக்கு

குளுவாங் என்ற பெயரே 'கெளுவாங்' என்னும் பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. பின்னால் லம்பாக் மலை. ஊர் நடுவே ரயில் பாதை. ரயில் நிலையத்தில் 1938ல் தொடங்கிய காப்பிக் கடையின் பெயர் நாடு முழுதும் பரவியிருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் ஊடே ரயில் பாதை ஜொகூர் பாரு வரை போடப்பட்டு முடிந்தது 1909ல். அந்தப் பாதையை ஒட்டித்தான் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம்மவர்களின் லயங்களும் பெருகின.

மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஆயிர் ஈத்தாம். 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடிய பஸ்களுக்கு இந்த ஊர்தான் இளைப்பாறும் இடம். மண்சட்டி, பூச்சட்டி, பொரிப்பு வகைகள் என்று வழியெங்கும் கடைகள்.

அந்தச் சந்திப்பில்தான் முதல் சோதனை. விளக்கு மஞ்சளாயிற்று. காலை எடுத்தேன். என்ஜின் செத்தது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, பெருமூச்சு விட்டுக்கொண்டு எங்கள் முதுகுக்கு அருகில் வந்து நின்றது. பிரேக்கை இரண்டாவது தடவை மிதித்தபோது அது கல்லைப் போல் இறுகியிருந்தது. கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான காடிகளில் பிரேக்குக்குத் துணை நிற்பது என்ஜினின் உறிஞ்சு சக்தி. என்ஜின் செத்துவிட்டால் ஓரிரு மிதிக்கு மட்டுமே அந்தத் துணை மிஞ்சும். பிறகு பிரேக் இறுகும். பிரேக் போய்விட்டது என்று பதற வேண்டாம். பலமாக மிதித்தால் பிடிக்கும். ஓடும்போது சாவியைப் பூட்டு வரை திருப்பிவிடக் கூடாது; ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியை முன்பக்கம் திருப்பி மறுபடி என்ஜினை எழுப்ப வேண்டும்.

மகளின் நோட்டுப் புத்தகம்

அத்தை ஏறிக்கொண்டார். தெற்கே திரும்பினோம். மாச்சாப் அருகே ஒரு தடவை செத்தது. சிம்பாங் ரெங்கம் ஊருக்குள் நுழையும்போது மூன்றாவது தடவை. பின் இருக்கையில் மகள் தன் பள்ளி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "என்னம்மா எழுதுற?" என்றேன். "எங்க எங்க நிக்குதுன்னு எழுதுறேன் அப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற முடிவோடு ஒரு கடை ஓரமாக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தபடி நின்றேன். அடுத்த மேசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வயது 70க்கு மேல் இருக்கும். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் லோரி, டிராக்டர் எல்லாம் பார்த்த பழைய போமன் என்று பேச்சில் தெரிந்தது.

"என்ன தம்பி, காடி படுத்துதா?"

சொன்னேன். அவர் ஸ்பானரைத் தேடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"சாகும்போது எப்படிச் சாகுது? இருமி இருமிச் சாகுதா, சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னு சாகுதா?"

"பட்டுன்னு, அண்ணே."

"திரும்ப எழுப்பினா?"

"உடனே பிடிச்சுக்குது."

"பெட்ரோல் வாடை? கறுப்புப் புகை?"

"இல்லை."

"பிரேக்கை மிதிக்கும்போது சாகுதா, காலை எடுத்ததுமே சாகுதா?"

நான் விழித்தேன். மகள் நோட்டை நீட்டினாள். மூன்று இடம். ஒரு தடவைதான் பிரேக்கில் கால் இருந்திருக்கிறது. மற்ற இரண்டும் காலை எடுத்தவுடனேயே. மூன்று தடவையும் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. பெரியவர் அதைப் படித்துவிட்டு, "பாப்பா பாதி வேலையை முடிச்சிடுச்சு" என்றார். மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுப்பும் என்ஜினும்

அவர் சொன்ன விளக்கம் வீட்டுப் பெண்களுக்கும் புரியும்படி இருந்தது. அடுப்பு பெரிதாக எரியும்போது லேசான காற்று அதை ஒன்றும் செய்யாது. தீயைச் சிறிதாக்கிவிட்டால் சின்ன ஊதலுக்கும் அணைந்துவிடும். என்ஜினும் அப்படித்தான். காலை எடுத்தவுடன் கார்பரேட்டரின் பெரிய வாசல் மூடிக்கொள்கிறது. சிறு துவாரம் வழியாக வரும் கொஞ்சம் பெட்ரோலை வைத்துக்கொண்டுதான் என்ஜின் உயிர் வாழ வேண்டும். வேகத்தில் மறைந்திருந்த குறையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். சும்மா நிற்கும்போது என்ஜினின் ஓட்டம் மிகவும் தாழ்ந்திருந்தால் சாகும். எங்களுடையது சீராக இருந்தது. சிறு துவாரத்தில் அழுக்கு அடைத்திருந்தால் காலை எடுக்கவே முடியாது, எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் இல்லை. கார்பரேட்டர் தொட்டியில் மிதவை சரியில்லை என்றால், பிரேக் போடும்போது பெட்ரோல் முன்னே அலைந்து வழிந்து என்ஜினை மூழ்கடிக்கும். வாடை வரும், திரும்ப எழுப்பவும் சிரமம். அதுவும் இல்லை.

அடுத்து, காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்த்தார். ரப்பர்க் குழாய்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக மெல்லப் பிடித்தார். வெடித்த குழாய் இருந்தால், அதைப் பிடிக்கும்போது என்ஜினின் ஓசை மாறும் என்றார். மாறவில்லை. நிறுத்திய காடியில் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் துணைக் கருவியில் ஓட்டை என்றால் மிதிக்கும்போது என்ஜின் திணறுமாம். திணறவில்லை. பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தன.

"பெட்ரோல் குறைன்னா இருமும் தம்பி. மின்சாரக் குறைன்னாதான் பட்டுன்னு சாகும். கார்பரேட்டரை ஏன் மாத்தணும்?" என்றவர், டிஸ்டிரிபியூட்டரின் பக்கவாட்டில் இருந்த மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார். என்ஜின் சற்று வேகம் கூடி ஓடியது. வாயை எடுத்தார். பழைய ஓட்டத்துக்கு வந்தது. மறுபடி உறிஞ்சினார், விட்டார். ஐந்தாவது தடவை வாயை எடுத்தபோது என்ஜின் பட்டென்று செத்தது!

அத்தை கைதட்டியே விட்டார்.

முடி அளவு குற்றம்

மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பாயின்ட் பொருத்திய ஒரு தட்டு. காடி சீராக ஓடும்போது என்ஜினின் உறிஞ்சு சக்தி அந்தத் தட்டைச் சற்றுத் திருப்பி, பொறியை முன்கூட்டியே பறக்கச் செய்யும். காலை எடுத்தால் தட்டு பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்பும். பாயின்டுக்குப் போகும் மெல்லிய கம்பியும் அதனுடன் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிரும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை இலட்சம் தடவை வளைந்ததோ! மேலுறை முழுதாகத்தான் இருந்தது. உள்ளே செப்பு இழைகள் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. தட்டு துள்ளும்போது சில நேரம் முனைகள் விலகும்; பொறி நிற்கும்; என்ஜின் சாகும். அடுத்த அதிர்வில் மீண்டும் தொட்டுக்கொள்ளும். அதனால்தான் பட்டறையில் நோய் தெரியவில்லை. சாவியைத் திருப்பியதும் எழுந்தது.

தன் வீட்டுப் பெட்டியிலிருந்து பல இழைகள் கொண்ட மெல்லிய கம்பி ஒன்றைக் கொண்டுவந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "வீட்டு வயரைப் போட்டுடாதே தம்பி. தடித்த கம்பி வளையாது, சீக்கிரம் ஒடிஞ்சிடும்" என்று எச்சரித்தார். பாயின்ட் இடைவெளியையும் சரிபார்த்தார். அந்தக் காலத்துக் காடிகள் பலவற்றில் அது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சரியான அளவைக் காடியின் புத்தகத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது.

கூலி 20 வெள்ளி கேட்டார். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை. "வேலைக்கு உரியதை வாங்கிட்டேன்" என்றார்.

அம்மாவின் தோட்டம்

அதன் பிறகு சன்னல் வழியே உலகம் தெரிந்தது. அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு காலத்தில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய இடமெல்லாம் இன்று செம்பனை. "அதோ அந்த மேட்டுலதான் எங்க லயம்" என்றார் அம்மா. எனக்கு மேடு மட்டுமே தெரிந்தது. அவருக்கு லயமே தெரிந்திருக்க வேண்டும்.

கெலாப்பா சாவிட் என்று செம்பனையின் பெயரையே தாங்கிய ஊரைத் தாண்டினோம். கூலாயில் நான்கு சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றிலும் காலை எடுத்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. என்ஜின் அடங்கிச் சீராக ஓடியது. 1974ல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையத்தின் கிளைச்சாலை, அதன் பிறகு ஸ்கூடாய், அதன் பிறகு ஜொகூர் பாருவின் நெரிசல். சிங்கப்பூரை இணைக்கும் பாலம் 1924ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது முதல் இந்த நகருக்கு ஓய்வே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போனோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம் 1922ல் எளிய கோயிலாகத் தொடங்கியது. இன்று சுவர், தூண், கூரை எங்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன. அம்மா உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். சுவரில் அவர் முகம் நூறு துண்டுகளாகத் தெரிந்தது. "எவ்வளவு நரைச்சிருச்சு எனக்கு!" என்று சிரித்தார். புரை மூடிய கண்ணோடு இத்தனை நாள் தன் முகத்தையே அவர் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

புதிய காடி வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று எண்ண வேண்டாம். இப்போதைய காடிகளில் கார்பரேட்டரும் பாயின்டும் இல்லை. ஆனால் காலை எடுத்தபோது என்ஜினுக்கு மூச்சுவிடும் சிறு வழி அங்கும் உண்டு. காற்று நுழையும் வாசலில் கரி படிந்தாலும், சும்மா நிற்கும்போது காற்றை அளந்துவிடும் வால்வு சிக்கிக்கொண்டாலும் இதே நோய் வரும். பல நேரம் சுத்தம் செய்தாலே தீரும்.

எந்தக் காடியானாலும், பட்டறைக்குப் போகுமுன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றது, சூடாக இருந்ததா, பிரேக்கில் கால் இருந்ததா, இருமிச் செத்ததா, பட்டென்று செத்ததா, உடனே எழுந்ததா என்று எழுதுங்கள். பெரிய சாமானை மாற்றச் சொன்னால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். நோயைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். நடுச்சாலையில் சாகிற காடி பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகுந்ததல்ல.

அன்று இரவு வீடு திரும்பியபோது, தம்பி வாசலில் காத்திருந்தான். "விற்கிறதா என்ன முடிவு அண்ணே?" என்றான். நான் பதில் சொல்லுமுன் அம்மா இறங்கி, காடியின் கதவை மெல்லச் சாத்தினார்.

"அடுத்த மாசம் கோத்தா திங்கி அருவிக்குப் போறோம். நீயும் வா" என்றார்.