கிழவருக்கு எதற்குக் குட்டி நாய்?

அறுபதைத் தாண்டியவர்கள் துணைக்கு ஒரு நாய் வளர்க்கலாம் என்று கிளம்பினால், நேரே குட்டியிடம்தான் போய் நிற்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். நாய் நன்றாக இருந்தால் 12, 14 வருடம் இருக்கும். 70 வயதில் குட்டியை எடுத்தால் 84 வயதில் அதற்குப் பணிவிடை செய்ய நமக்குத் தெம்பு வேண்டும். அதற்கு முன்பே செருப்பைக் கடிக்கும், ராத்திரி அழும், ஓடும்போது நம்மையும் இழுத்துத் தள்ளும். காப்பகத்து மூலையில் எட்டு, ஒன்பது வயதில் ஒன்று படுத்திருக்கிறதே, அதுதான் நமக்குச் சரி.

சென்னையில் 1964-இல் பதிவு பெற்ற புளூ கிராஸ் தொடங்கி, எத்தனையோ ஊர்களில் காப்பகங்கள் இருக்கின்றன. குட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம். கிழட்டு நாயைக் கேட்டு வருபவர் அபூர்வம். அங்கிருப்பதெல்லாம் தெருநாய் என்றும் எண்ண வேண்டாம். ஆசையாக வாங்கிய லாப்ரடாரை, வெளிநாட்டு வேலை கிடைத்ததும் கைகழுவிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படி வந்தவன்தான் எங்கள் மணி.

வந்த புதிதில் அவன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நாய் நன்றியுள்ளது என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். சோறு போட்டோமே, வாலாட்ட வேண்டாமா? ஆனால் ஒரு வீட்டை இழந்து வந்தவன் இந்த வீட்டை எதற்கு உடனே நம்ப வேண்டும்? காப்பகத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வழக்கம் பிடிபட மூன்று வாரம், நம் வீடு என்று ஒட்ட மூன்று மாதம். மணிக்கு அதுவும் போதவில்லை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு நடை, இதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. பணி ஓய்வுக்குப் பின் அந்த ஒழுங்கு எனக்கே விட்டுப்போயிருந்தது. அவனால் திரும்பி வந்தது.

வயதான நாயின் கண்ணில் நீலம் பூத்திருந்தால் உடனே புரை என்று பயப்பட வேண்டாம். பல நாய்களுக்கு வில்லை இறுகுவதால் வரும் மங்கல்தான் அது. பார்வை பெரிதாகக் கெடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். மூட்டு, பல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல், இவைதான் செலவு வைப்பவை. வந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். பழைய சாக்கை விரித்தால் போதும். நம் முழங்கால் வலி மாத்திரையைப் பாதி ஒடித்துக் கொடுக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஐபுப்ரோஃபன் நாய்க்கு விஷம்.

"சீக்கிரம் போய்விடுமே, அப்புறம் உட்கார்ந்து அழவா?" என்று உறவில் கேட்டார்கள். என் வயதில் இது பெரிய பயமில்லை. நான் முந்திக்கொண்டால் அவன் கதி என்ன என்பதுதான் கேள்வி. அதையும் பேசி முடித்தாயிற்று. தடுப்பூசி அட்டையும் மருந்துச் சீட்டும் எல்.ஐ.சி. பத்திரங்களோடு ஒரே பையில் இருக்கின்றன. மணி மருமகளிடம் போவான். அவளுக்குப் பூனைதான் பிடிக்கும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவனோடு பழகிக்கொண்டிருக்கிறாள்.