முதலில் வாய் பேசும், பிறகு கை பேசும்... லாஸ் வேகஸின் சண்டை வாரம்!

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்துக்கு நடுவே ராத்திரி பகல் தெரியாமல் மின்னும் ஊர், லாஸ் வேகஸ். சூதாட்ட விடுதிகள் வரிசைகட்டி நிற்கும் ‘ஸ்ட்ரிப்’ சாலையில், சுதந்திர தேவி சிலையின் நகலை வாசலில் வைத்திருக்கும் நியூயார்க்-நியூயார்க் ஹோட்டலைத் தாண்டி உள்ளே நடந்தால் டி-மொபைல் அரங்கம் வந்துவிடும். 2016-ல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தில் சுமார் 20,000 பேர் உட்காரலாம்.

ஒரு வேடிக்கை... அரசாங்கக் கணக்குப்படி இந்த இடம் லாஸ் வேகஸ் மாநகர எல்லைக்குள் வராது. ‘பாரடைஸ்’ என்ற பகுதியில் இருக்கிறது. பெயர்தான் சொர்க்கம். யு.எஃப்.சி சண்டை நடக்கும் வாரத்தில் இங்கே கேட்கும் பேச்சு வேறு ரகம்!

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு என எல்லாம் கலந்த எம்.எம்.ஏ சண்டையை நடத்தும் பெரிய நிறுவனம் யு.எஃப்.சி. சண்டை என்னவோ சனிக்கிழமை ராத்திரிதான். ஆனால், வியாழக்கிழமையே பத்திரிகையாளர் சந்திப்பில் வாய்ச்சண்டை ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை ரசிகர்கள் முன்னால் எடை காட்டும் நிகழ்ச்சி. பல நேரங்களில் இதற்கு அனுமதி இலவசம் என்பதால் டிக்கெட் வாங்க முடியாதவர்களும் திரண்டு வருவார்கள். இரண்டு வீரர்களும் மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று முறைப்பார்கள், சீண்டுவார்கள். இந்தச் சீண்டலுக்குப் பெயர்தான் ‘ட்ராஷ் டாக்’.

வாய்க்குக் கிடைக்கும் விலை

இந்தப் பழக்கத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1961-ல் ஒரு போட்டிக்காக லாஸ் வேகஸ் வந்திருந்தார் 19 வயது கேஷியஸ் க்ளே. பின்னாளில் முகமது அலி ஆனவர். அங்கே அவர் சந்தித்த ஆள், ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்கிற தொழில்முறை மல்யுத்த வீரர். தற்பெருமை பேசிப் பேசியே அரங்கத்தை நிரப்பியவர். ‘இவன் தோற்பதைப் பார்க்கவாவது ஜனங்கள் காசு கொடுத்து வருவார்கள்’ என்ற சூட்சுமத்தை இளைஞர் அலி அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார்.

எம்.எம்.ஏ-வில் அந்த சூட்சுமத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர், அயர்லாந்தின் கோனர் மெக்ரிகோர். டப்ளின் நகரின் க்ரம்லின் பகுதியில் வளர்ந்து, கொஞ்ச காலம் ப்ளம்பிங் வேலை பழகியவர். பிரேசிலின் சாம்பியன் ஜோஸ் ஆல்டோவை மாதக்கணக்கில் வார்த்தையால் குடைந்தார். 2015 டிசம்பரில் இதே ஊரின் எம்.ஜி.எம் கிராண்ட் அரங்கத்தில் கோபத்தோடு பாய்ந்து வந்த ஆல்டோ, 13 விநாடிகளில் தரையில் கிடந்தார். பேச்சு டிக்கெட்டை மட்டும் விற்பதில்லை, எதிராளியின் நிதானத்தையும் உருவிவிடுகிறது என்று எல்லோரும் புரிந்துகொண்ட ராத்திரி அது.

கோடு தாண்டியபோது...

2018 அக்டோபர் 6. டி-மொபைல் அரங்கம். மெக்ரிகோரின் எதிரில் நின்றவர் ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைப்பகுதியைச் சேர்ந்த கபீப் நூர்மகமேதவ். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், சொந்த அப்பா அப்துல்மனாப்.

அந்த ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளினில், கபீப் உட்கார்ந்திருந்த பேருந்தின் மீது சாமான் தள்ளும் வண்டியைத் தூக்கி எறிந்தார் மெக்ரிகோர். கண்ணாடி நொறுங்கியதில் சம்பந்தமே இல்லாத வீரர்கள் காயம்பட்டார்கள். செப்டம்பரில் பத்திரிகையாளர் சந்திப்பு. மது தொடாத கபீப்பிடம் விஸ்கியை நீட்டினார். அவர் அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. அன்று கபீப்புக்கு 30-வது பிறந்தநாள்.

சண்டையில் மெக்ரிகோரை மடக்கிப் போட்ட கபீப், ‘இப்போது பேசலாமே’ என்று கேட்டுக்கொண்டே அடித்தார். ‘இது வெறும் வியாபாரம்தான்’ என்றார் மெக்ரிகோர். நான்காவது சுற்றில் கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார். அதோடு முடிந்ததா? கூண்டைத் தாண்டிக் குதித்த கபீப், மெக்ரிகோரின் கூட்டாளி மேல் பாய்ந்தார். அரங்கமே கலவரமானது.

பிறகு கபீப் மன்னிப்புக் கேட்டார். கூடவே, ‘என் மதத்தை, நாட்டை, அப்பாவைப் பற்றிப் பேசினாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்றும் கேட்டார். நெவாடா விளையாட்டு ஆணையம் கபீப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் 9 மாதத் தடையும் விதித்தது. மெக்ரிகோருக்கு 50,000 டாலர், 6 மாதத் தடை.

வியாபாரம்? டிக்கெட் வசூல் மட்டும் சுமார் 1 கோடியே 72 லட்சம் டாலர். வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்த்த கணக்கு சுமார் 24 லட்சம். கோடு தாண்டிய பேச்சுக்குத்தான் கூட்டமும் அதிகம் என்பது கசப்பான உண்மை.

அதே அரங்கம், அதே காயம்

2021 ஜூலையில் அதே அரங்கத்தில், டஸ்டின் போரியேவுடன் மோதிய மெக்ரிகோரின் கால் முதல் சுற்றின் முடிவில் முறிந்தது. எழுந்து நிற்க முடியாத நிலையிலும், தரையில் உட்கார்ந்தபடி மைக்கில் போரியேவின் மனைவியைத் தரக்குறைவாகப் பேசினார். சண்டை முடிந்துவிட்டது, விற்க டிக்கெட்டும் இல்லை. அப்புறமும் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

2023 டிசம்பரில் இன்னும் மோசம். பிரிட்டனின் சாம்பியன் லியோன் எட்வர்ட்ஸுக்கு 13 வயதானபோது, லண்டனில் அவர் அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவை மேடையிலேயே கேலிப்பொருள் ஆக்கினார் எதிராளி கோல்பி கோவிங்டன். எட்வர்ட்ஸ் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசினார். ஆனால், இரண்டு நாள் கழித்து அதே டி-மொபைல் அரங்கத்தில் அவர் ஆல்டோவைப்போலப் பாயவில்லை. ஐந்து சுற்றும் நிதானமாக ஆடி, நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க ஜெயித்தார். தன் அப்பாவின் கொலையைப் பொழுதுபோக்காக்கிவிட்டாரே என்ற வேதனை மட்டும் ஜெயித்த பிறகும் அவர் பேச்சில் இருந்தது. சாம்பியன் பெல்ட்டால் அதை ஆற்ற முடியவில்லை.

‘நெல்லைக் கொட்டினால் அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது’ என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இந்த ஊரில் வித்தை கற்ற முகமது அலிக்கும் அது பின்னாளில் புரிந்தது. ஜோ பிரேசியரை அவர் ‘கொரில்லா’ என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். பிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைச் சுமந்தார்கள். இருவரும் கடைசியாக மோதியது 1975-ல். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதாகவும், எல்லாம் சண்டையை விளம்பரப்படுத்தத்தான் என்றும் அலி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2001-ல்.

மூன்று சண்டைகளின் காயங்கள் ஆறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்பு வர 26 வருடங்கள் பிடித்தன.