பாசத்துல தண்ணி ஊத்தாதீங்க பாஸ்!

செடி என்னோடது இல்ல, ரூம்மேட்டோடது. போன டிசம்பர்ல அவங்க அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போக, செமஸ்டர் பாதியிலேயே பெட்டியைக் கட்டினான். ஜன்னல்ல இருந்த ஸ்நேக் பிளான்ட்டைக் காட்டி, ‘‘அம்மா குடுத்தது மச்சி... பாத்துக்கோ’’ன்னான். பஸ் ஏறிட்டான்.

நானும் பாத்துக்கிட்டேன். எப்படி? தினமும் காலையில ஒரு மக் தண்ணி! அவனுக்கு போன் பண்ணி, ‘அப்பா எப்படிடா இருக்கார்?’னு கேக்க மட்டும் தைரியம் வரலை. என்ன பதில் வருமோன்னு பயம். கேக்காம விட்டதை எல்லாம் மக்குல மொண்டு செடிக்கு ஊத்திட்டு இருந்தேன் போல.

ஆறாவது வாரம், போலீஸ்காரர் மாதிரி விறைப்பா நின்ன இலை ஒண்ணு சாஞ்சிடுச்சு. தொட்டா, அழுகின வாழைப்பழம். தொட்டியைக் கவிழ்த்தா, பாதி வேர் கூழாகி கையோட வருது. நாத்தம் வேற!

மேற்கு ஆப்பிரிக்காச் செடி பாஸ் அது. இலையிலயும், மண்ணுக்குள்ள இஞ்சி மாதிரி ஓடுற கிழங்குலயும் தண்ணியைச் சேத்து வெச்சுக்கும். பகல்ல இலைத்துளைகளை மூடிக்கிட்டு ராத்திரிதான் திறக்கும். நம்ம ஊர் மருள் இதுக்குப் பங்காளி. அதோட நார்லதான் அந்தக் காலத்துல வில்லுக்கு நாண் திரிச்சாங்க. அப்பேர்ப்பட்ட பரம்பரையை ஒரு மக்கை வெச்சே சாய்ச்சுட்டேன்!

குத்தம் என்மேல மட்டும் இல்ல. தொட்டி முழுக்க தென்னைநார்த் தூள். ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தைப் பிடிச்சுக்கும். வேருக்குக் காத்து கிடைக்காம மூச்சு முட்டிடும். ‘அடியில கொஞ்சம் ஜல்லி போட்டா தண்ணி ஓடிடுமே’ன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா, நான் சிவில் மூணாம் வருஷம். சாயில் மெக்கானிக்ஸ் நோட்டு சிரிச்சுது. பொடி மண்ணுக்குக் கீழே ஜல்லி இருந்தா, தண்ணி லேசுல இறங்காது. மண்ணோட நுண்துளைகள் அதை இழுத்துப் பிடிச்சுக்கும். மேல நல்லா ஊறினப்புறம்தான் ஜல்லிக்குள்ள சொட்டும். சேறு கரெக்டா வேர் நிக்கிற இடத்துல!

ஸோ, மொத்த மண்ணுமே கொரகொரன்னு இருக்கணும். மணல்ல இருக்கிற பொடித்துகளோட அளவு பாதியானா தண்ணி இறங்குற வேகம் கால்வாசியாகிடும்கிறது ஹேசன் சூத்திரம். ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது, முதல் தடவையா புரிஞ்சுது.

லேப் அண்ணன்கிட்ட கெஞ்சி, டெஸ்ட் முடிஞ்சு கொட்டற எம்-சாண்ட்ல 2.36 மி.மீ. சல்லடை மேல தங்கின குருணையை வாங்கினேன். (‘‘எதுக்குத் தம்பி? வீடு கட்டப் போறியா?’’) தூசி போக அலசி, அது ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் அரைப் பங்கு. இஸ்திரி போடறவர்கிட்ட வாங்கின அடுப்புக்கரியும் உடைச்ச செங்கலும் சேர்த்து இன்னொரு அரைப் பங்கு.

இனிமேதான் டென்ஷன். அவன் செடி, இலை ஓரத்துல மஞ்சள் கோடு போட்ட ரகம். இலையை வெட்டி நட்டாலும் முளைக்கும்... ஆனா வெறும் பச்சையா! மஞ்சள் வேணும்னா கிழங்கோட பிரிச்சு நடணும். அழுகினதை எல்லாம் வெட்டி வெட்டி, கடைசியில மிஞ்சினது விரல் நீளக் கிழங்கும் ரெண்டு இலையும். வெட்டுக்காயம் ஆற ரெண்டு நாள் நிழல்ல போட்டேன். அடியில ஓட்டை இருக்கிற சின்ன மண் தொட்டியில நட்டு, ஒரு வாரம் சொட்டுத் தண்ணி காட்டலை. பெரிய தொட்டி வேண்டாம் பாஸ், வேர் இல்லாத மண்ணுல ஈரம் தங்கிடும்.

நட்ட அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினேன். ‘‘டயாலிசிஸ் போயிட்டிருக்குடா. இப்ப கொஞ்சம் பரவாயில்ல’’ன்னான். அப்புறம், ‘‘ஏன்டா இத்தனை நாளா பேசல?’’

பதில் வரலை. ‘‘உன் செடியைக் கொல்லப் பாத்துட்டேன்டா’’ன்னேன். சம்பந்தமே இல்லாம.

‘‘தினமும் ஊத்தினியா? லூசு... அம்மா மாசத்துக்கு ரெண்டு தடவைதான் ஊத்துவாங்க!’’ சிரிச்சான்.

இப்போ தொட்டியில ஒரு ஈர்க்குச்சி செருகி வெச்சிருக்கேன். உருவிப் பார்த்து, மண் ஒட்டாம வந்தாத்தான் தண்ணி. போன வாரம் மண்ணை முட்டிக்கிட்டு ஒரு குருத்து எட்டிப் பார்த்துச்சு. ஓரத்துல மெல்லிசா மஞ்சள். போட்டோ அனுப்பினேன். திரும்ப ஒரு போட்டோ வந்துச்சு. அவங்க வீட்டுத் திண்ணையில தாய்ச்செடி, பக்கத்துல சேர் போட்டு அப்பா.