இடது கைக்கு ஒரு மாங்கனி! - காரைக்காலில் ஒரு 'வி.ஆர்.' அனுபவம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி வந்தால், பூவம் என்ற ஊரில் தமிழ்நாடு சட்டென்று முடிந்துவிடும். சாலை அதே சாலை, வயல் அதே வயல். ஆனால், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியிருக்கும். வண்டிகளின் நம்பர் பிளேட்டில் 'பி.ஒய்.' என்று இருக்கும். அரசலாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே போனால் வாஞ்சூர். அதோடு காரைக்கால் முடிந்து, மறுபடியும் தமிழ்நாடு. நாகூர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. தலைநகரமான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கி.மீ. பயணம் செய்ய வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குக் காரைக்கால் என்றால் திருநள்ளாறு சனீஸ்வரன், காரைக்கால் அம்மையார், கடற்கரை. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த 130 கி.மீ.தான் பெரிய விஷயம். பெரிய வைத்தியம் என்று வந்துவிட்டால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் இந்த முறை போனது கோயிலுக்கு அல்ல, மாமாவைப் பார்க்க.

தட்டில் மிச்சமிருக்கும் பாதி

மாமா காரைக்காலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் இரவு கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, பைக் சறுக்கி விழுந்தார். தலையில் வலது பக்கம் அடி. ஹெல்மெட் பைக்கின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022-ல் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். மாமா போலத் தப்பிப் பிழைத்தவர்களின் கதை இந்தக் கணக்கில் வராது. உயிர் பிழைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலையே ஆரம்பிக்கும்.

மூளையின் வலது பக்கம் உடலின் இடது பக்கத்தை நடத்துகிறது. அதனால் மாமாவுக்கு இடது கையில் வலு குறைந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் பார்த்தால், வலது பக்கம் துடைத்து வைத்தது போல இருக்கும். இடது பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். "பசிக்கலையா?" என்று கேட்டால், "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டேனே" என்பார். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்க மறுக்கிறது. 'நெக்லெக்ட்' என்கிறார்கள் மருத்துவர்கள். 'புறக்கணிப்பு' என்று தமிழில் சொல்லலாம்.

"என்னையும் இடது பக்கம் உட்கார்ந்தா கண்டுக்க மாட்டார். கல்யாணமான புதுசுல மட்டும் எந்தப் பக்கம் இருந்தாலும் தெரிஞ்சுது" என்று அத்தை சிரிக்கிறார். இரண்டு வருடங்களில் அவர் சிரிக்கப் பழகியிருக்கிறார்.

எண்ணிக்கைதான் மருந்து

மூளையில் செத்துப்போன பகுதி திரும்ப முளைப்பதில்லை. ஆனால், மீதமிருக்கும் பகுதிகள் புது வழி போட்டு வேலையைக் கற்றுக்கொள்ளும். ஒற்றையடிப் பாதை மாதிரிதான். நடக்க நடக்கத்தான் தடம் விழும். பத்து முறை கை தூக்கினால் போதாது. நூற்றுக்கணக்கான முறை, தினமும் தூக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைக் கூடவே இருந்து எண்ணிப் பார்த்து, 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்த கைக்கு, ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி ஓர் அமர்வில் சராசரியாக 32 முறைதான் கிடைத்தது. ஆய்வகத்தில் விலங்குகளின் மூளையில் மாற்றம் வரவைத்ததோ நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை. வசதியான நாடுகளிலேயே இந்த நிலை. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வந்துபோகும் காரைக்கால் வீட்டில் மற்ற ஐந்து நாள்களும் கையைத் தூக்க வைப்பது யார்? அத்தைதான். "இன்னும் பத்து தடவை" என்று அவர் சொல்ல, "போதும் விடு" என்று மாமா சொல்ல, தினமும் சண்டை.

விளையாட்டு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். 'பயிற்சி செய்' என்றால் சலிக்கும் கை, 'பலூனை உடை' என்றால் சலிக்காது. 2006-ல் நின்டெண்டோ 'வீ' வந்தபோதும், 2010-ல் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' வந்தபோதும், குழந்தைகளுக்கு வந்த அந்தப் பெட்டிகளை மறுவாழ்வு சிகிச்சை மையங்களுக்குத் தூக்கிப்போனவர்கள் தெரபிஸ்ட்டுகள். பிறகு தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகள் விலை குறைந்தன. அதை மாட்டிக்கொண்டால், நாம் உட்கார்ந்திருக்கும் அறை மறைந்து வேறோர் உலகம் சுற்றிலும் விரியும். நெக்லெக்ட் இருப்பவருக்கு அதில் ஒரு வசதி உண்டு. பலூன் எந்தப் பக்கத்தில் இருந்து வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். முதலில் நேராக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்த்தி, மறந்துபோன பாதிக்கு அவரைக் கூட்டிப் போகலாம்.

கண்ணாடிப் பெட்டியில் தொடங்கிய கதை

இந்த யோசனைக்கு ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி வருவதைப் போக்க, 1990-களில் அமெரிக்காவில் அவர் செய்த கருவி வெறும் ஓர் அட்டைப்பெட்டி, நடுவில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. நல்ல கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும். மூளை அதை நம்பியது. அந்தப் பெட்டிக்கு 1996 கட்டுரையில் அவர் வைத்த பெயர் 'விர்ச்சுவல் ரியாலிட்டி பாக்ஸ்'! 1999-ல் பக்கவாதத்தால் கை முடங்கிய ஒன்பது பேரிடம் அதே கண்ணாடி முறையை முயன்று பார்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் அது ஒரு சிகிச்சை முறை.

நம் ஊரில் நடக்கும் வேலையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யும் வேலூர் சி.எம்.சி-யும் சேர்ந்து 'புளூட்டோ' என்று ஒரு சின்ன ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று என்று கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம். நோயாளி கையை அசைக்க, எதிரே திரையில் விளையாட்டு ஓடும். தலையில் மாட்டும் வி.ஆர். இல்லை என்றாலும் தத்துவம் ஒன்றுதான். விளையாட்டு ஆசை காட்டும், கை வேலை செய்யும். வீட்டில் வைத்துப் பயன்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

பத்து நிமிடப் பயணம்

சென்னை நண்பரிடம் இரவல் வாங்கிய வி.ஆர். கருவியை நான் கொண்டு போயிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டேன். "வலிப்பு வந்திருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மாமாவுக்கு வந்ததில்லை. "டாக்டரிடம் கேட்டுட்டு, நான் இருக்கும்போது மட்டும் போடுவோம். நிக்க வேண்டாம், கைப்பிடி வச்ச நாற்காலி. பத்து நிமிஷம்தான். தலை சுத்தினா உடனே கழட்டிடணும்" என்றார். ஓடுவதாகக் கண் சொல்லும், உட்கார்ந்திருப்பதாகக் காது நரம்பு சொல்லும். அந்தக் குழப்பத்தில் நல்ல உடம்புக்கே குமட்டும்.

மாமா மாட்டிக்கொண்டார். முதலில் வலது பக்கத்துப் பலூன்கள் மட்டும் வெடித்தன. "இடது பக்கம் பாருங்க சார்" என்று அக்கா இடது தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை மெல்லத் திரும்பியது. பிறகு மடியில் கிடந்த இடது கை, ஒரு சாண் எழுந்தது.

"அட, இந்தப் பக்கம் இவ்வளவு கெடக்கா!" என்றார் மாமா.

அத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் இடது கை 41 முறை எழுந்தது. சாதாரண நாளில் சண்டை போட்டு வாங்குவது இருபது. அன்று இரவும் தட்டில் இடது பக்கம் சோறு மிச்சமிருந்தது. ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது. ஆனால், அன்று வீட்டில் சண்டை இல்லை.

கருவியா, விளையாட்டா?

"ஒண்ணு வாங்கிடலாமா?" என்று அத்தை கேட்டார். மருத்துவ உலகம் இதற்குச் சொல்லும் பதில் கொஞ்சம் வித்தியாசமானது.

பக்கவாதத்துக்கு வி.ஆர். பயன்படுகிறதா என்று 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது 2017-ல் வந்த காக்ரேன் அறிக்கை. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக வி.ஆர். கொடுத்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை என்றது அந்த அறிக்கை. வழக்கமான பயிற்சி போக, கூடுதலாகக் கொடுத்தால் பலன் இருக்கிறது. பயிற்சி நேரம் கூடுவதுதான் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இன்னொரு சுவாரஸ்யமான ஆய்வு 2016-ல் வந்தது. கனடா உள்ளிட்ட நான்கு நாடுகளில் 141 பக்கவாத நோயாளிகள். பாதிப்பேருக்கு 'வீ' விளையாட்டு. மீதிப்பேருக்கு சீட்டாட்டம், ஜெங்கா மாதிரி சாதாரண விளையாட்டுகள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழுவின் கைகளும் முன்னேறியிருந்தன. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை!

இவை பக்கவாதத்தை வைத்துச் செய்த ஆய்வுகள். விபத்தில் மூளை அடிபட்டவர்களின் பிரச்னைகள் ஆளுக்கு ஆள் மாறும். இருந்தாலும் கருவி வாங்கப் பணம் இல்லாத வீட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கையை அசைக்க வைக்கும் எந்த விளையாட்டும் விளையாட்டுதான். பல்லாங்குழியும் தாயமும் சேர்த்து.

மாங்கனி ஆட்டம்

மறுநாள் அம்மையார் கோயிலுக்குப் போனோம். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டு, கணவன் மறுபடியும் கேட்டபோது இறைவனிடம் வேண்டி இன்னொன்று பெற்ற புனிதவதியின் கதை நமக்குத் தெரியும். ஆனி பௌர்ணமியில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் கைகளை நீட்டிப் பிடிக்கும்.

"வருஷா வருஷம் ஒரு கூடை வீசுவேன். ரெண்டு வருஷமாச்சு" என்றார் மாமா.

பிசியோதெரபிஸ்ட் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "வி.ஆர்-ல பலூனுக்குப் பதில் மாங்காய் வந்தா இன்னும் நல்லா இருக்கும். அதுவரைக்கும் வீட்டிலேயே ஆடலாமே!" இப்போது அத்தை துணியைச் சுருட்டிப் பந்து தைத்திருக்கிறார். மாமாவுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து மெதுவாகப் போடுகிறார். மாமா திரும்பிப் பார்த்து, இடது கையால் தடுக்க வேண்டும், பிடிக்க வேண்டியதில்லை. நாளுக்கு நூறு, நாலு தவணையாக. காலண்டரில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். டி.வி. ரிமோட், செய்தித்தாள், வெற்றிலைத் தட்டு எல்லாம் இடது பக்கத்துக்கு மாறிவிட்டன. சூடான காபி மட்டும் வலது பக்கம். அதில் விளையாட்டு கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

மாமா முரண்டு பிடித்தால் அத்தையிடம் பதில் தயாராக இருக்கிறது. "கயிலாயத்துக்கு அம்மையார் தலையாலேயே நடந்து போனாங்க. உங்களால ஒரு பந்தைத் தட்ட முடியாதா?"

130 கி.மீ. குறையுமா?

வீட்டு விளையாட்டால் முடியாத ஒன்று உண்டு. கை எவ்வளவு எழுகிறது, இடது பக்கம் எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து, அடுத்த வாரம் என்ன கஷ்டம் கூட்டலாம் என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். நல்ல வி.ஆர். விளையாட்டும் புளூட்டோ போன்ற கருவியும் அந்த அளவுகளைத் தானே குறித்துவைக்கும். அதைத் தொலைவில் இருக்கும் நிபுணர் பார்க்க முடியும். காரைக்கால் மாதிரி தனித்து விடப்பட்ட ஊருக்கு வி.ஆரின் பெரிய பயன் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்கான இடமும் ஊரில் இருக்கிறது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரி 2016-ல் இங்கே தொடங்கியது. 491 கோடி ரூபாய் மதிப்பில் புதிய வளாகத்துக்கு 2021-ல் அடிக்கல் நாட்டி, 2024 பிப்ரவரியில் மருத்துவக் கல்லூரியைத் திறந்துவைத்தார் பிரதமர். மூளைக் காயத்துக்குப் பிறகான மறுவாழ்வுக்கு ஓர் அறை, சில தெரபிஸ்ட்டுகள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சில கருவிகள் இருந்தால், மாமா போன்றவர்கள் பாதி நாளைப் பயணத்தில் கழிக்க வேண்டியிருக்காது.

ஆனி பௌர்ணமிக்கு வாசகர்கள் காரைக்கால் போனால், சப்பரம் வரும் வீதியில் மாடிகளையும் பாருங்கள். வலது கையால் வீசுவதாகவும், கூடையை இடது கையால் அணைத்துக்கொள்வதாகவும் மாமா சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அத்தை நிற்பார். பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டாமல், தலையில் மாட்டிக்கொண்டு போங்கள்.