முட்டுக்கட்டையும் மூளையும்

திருவிழாக் காலத்தில் தேரோடும் வீதியில் நிற்போரின் கண்கள் வடம் பிடிப்போர் மீதே பதிந்திருக்கும். ஆயிரம் கைகள் இழுக்கின்றன. தேர் அசைந்து வருகின்றது. சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டை ஏந்திக் குனிந்து நடந்துவரும் சிலரைக் காண்போர் மிகச் சிலரே. உரிய நேரத்தில் அவர்கள் கட்டையை இடாவிடின், தேர் வீதிமுனையில் திரும்பாது. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. ஆயினும் உலக வழக்கில் முட்டுக்கட்டை என்பது வசைச் சொல்லாகவே வழங்குகின்றது.

இத்தகைய பணியாளர் மூளையிலும் உளர். பெருமூளையைப் போர்த்திருக்கும் புறணி, சில மில்லிமீட்டர் கனமே உடையது. மனிதனின் புறணியில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கூம்பு வடிவின; பிற அணுக்களைத் தூண்டுவதே அவற்றின் தொழில். பாலூட்டிகளின் புறணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 அணுக்கள் வேறு வகையைச் சார்ந்தவை. அவை தூண்டுவதில்லை; அடக்குகின்றன.

இவ்வகைக் குறுநார் அணுக்களைக் கூர்ந்து நோக்கி வரைந்தவர்களுள் தலைசிறந்தவர், ஸ்பெயின் நாட்டில் 1852ஆம் ஆண்டு பிறந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பார். இளமையில் ஓவியனாக விரும்பிய அவரை, மருத்துவராகிய தந்தையார் தடுத்து, முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பழக விட்டார். பின்னாளில் அவ்வோவியக் கையே அறிவியலுக்குத் துணையாயிற்று. இத்தாலியராகிய காமில்லோ கோல்கி 1873இல் வெளியிட்ட முறையால், நரம்பணுக்களுள் ஒரு சிலவே கருநிறம் ஏற்று முழு வடிவோடு தோன்றும். 1887இல் அம்முறையின் பயனைக் கண்ட கஹால், அதனைத் திருத்தி, இரவும் பகலும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். நீண்ட நாரின்றி அண்டை அணுக்களோடு மட்டுமே உறவாடும் அணுக்கள் மனித மூளையில் மிகுந்திருத்தலைக் கண்டு, மனித அறிவின் நுட்பத்திற்கு அவை காரணமாகலாம் என்று கருதினார். கோல்கிக்கும் கஹாலுக்கும் 1906இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அடக்கும் அணுக்கள் தம் தொழிலைப் பகிர்ந்து செய்கின்றன. கூடையணுவின் நார்முனைகள், கூம்பணுவின் உடலைக் கூடை போலச் சூழ்ந்து பற்றும். மற்றொரு வகையின் நார்முனைகள், மெழுகுவத்திகள் வரிசையாக நிற்பன போலத் தோன்றும். ஹங்கேரிய அறிஞர் யானோஷ் சென்டாகொத்தாய் 1970களில் அதற்குச் சரவிளக்கணு எனப் பெயரிட்டார். பீட்டர் சோமோகி என்பார் 1977இல் எலியின் பார்வைப் புறணியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, இத்தகைய முனைகள் கூம்பணுவின் நார் தொடங்கும் இடத்தையே பற்றுகின்றன என்று காட்டினார். செய்தி புறப்படும் வாயில் அதுவே. இருவகை அணுக்களும் பயன்படுத்தும் பொருள் காபா என்பது. அது மூளையில் உள்ளமை 1950இல் வெளியாயிற்று.

அடக்குதல் அழித்தல் அன்று. எந்த அணு எக்கணத்தில் பேசவேண்டும் என வரையறுப்பதே அது. ஆயிரம் ஒலிகளுக்கிடையே தாயின் குரலைப் பிரித்தறிவதற்கும் ஓங்கிய கையைத் தாழ்த்துவதற்கும் வேண்டாதன அடங்குதல் இன்றியமையாதது.

இவ்வடக்கம் குன்றினால் நேர்வது யாது? அணுக்கள் பல ஒருங்கே கிளர்ந்தெழும். மின்புயல் போல அக்கிளர்ச்சி பரவும். உடல் வெட்டி இழுக்கும். வலிப்பு நோய் தோன்றும் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் அந்நோய் உடையர். அதனைப் பேயின் செயல் என்று அஞ்சியும், இரும்புச் சாவியைக் கையில் திணித்தும் காலம் போக்குவோர் இன்றும் உளர். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்புற்றவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் இடாமல் அருகிருத்தலே அறிவுடைய செயல். 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை விரைந்து நாடவேண்டும். காபாவின் ஆற்றலைப் பெருக்கி வலிப்பை நிறுத்தும் மருந்துகள் இன்று உள்ளன. தக்க மருத்துவம் பெறின், அந்நோயுடையோருள் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழ இயலும். அவர்களைப் பள்ளியிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் விலக்கி வைப்பது, நோயினும் கொடிய துன்பமாகும்.

வடம் பிடிப்போர் பலர் வேண்டும். கட்டையிடுவோர் சிலரேனும் வேண்டும். இருவரும் கூடிய வழியே தேர் நிலைக்கு வந்து சேரும். மூளையின் சிறப்பும், அது கிளர்ந்தெழும் வேகத்தில் மட்டும் இல்லை. உரிய இடத்தில் அடங்கும் திறத்திலும் உள்ளது.